முப்பத்திரண்டு மரத்தட்டுகள்

பதினாலு வருஷ உத்தியோகத்தில் சுகிர்தம் கையெழுத்து இல்லாமல் களஞ்சியத்துக்கு வெளியே ஒரு வெறுஞ்சாக்கைக்கூட அனுப்பியதில்லை. அந்த வழக்கத்தை அவள் மீறியது ஒரே ஒரு தடவைதான். தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசி மழையில், ஒரு துண்டுக் கடதாசியும் எழுதாமல், முப்பத்திரண்டு மரத்தட்டுகளைத் தூக்கிக் கொடுத்தாள்.

தெல்லிப்பழையில் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவரின் கடைசி மகள் அவள். கல்யாணம் பேசிப் பேசித் தட்டிப்போக, இனிப் பேச வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டு, காங்கேசன்துறையில் கப்பல் சாமான் வைக்கும் களஞ்சியம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலைக்குப் போனாள். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கி ஊர்கள் ஒவ்வொன்றாக எழும்பி ஓடியபோது, தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வடமராட்சிக்கு வந்து சேர்ந்தாள். நெல்லியடியில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஆள் தேவைப்பட்டது. பருத்தித்துறைக்குக் கப்பலில் வரும் நிவாரண மாவும் அரிசியும் அங்கேதான் இறங்கும். நாற்பது வயதில் சுகிர்தம் அதன் திறப்புக் கோர்வையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வந்த முதல்நாள் அவள் பார்த்தது மூட்டைகளை அல்ல, மூட்டைகளுக்கு அடியில் கிடந்த தட்டுகளை. துறைமுகத்தில் அதைப் பலட் என்பார்கள். நெல்லியடியில் மூட்டை தூக்கும் நாட்டாமைகளுக்கு அது வெறும் தட்டு. நாலடி நீளம், மூன்றேகாலடி அகலம். நடுவிலும் இரு கரையிலும் மூன்று சட்டம். அவற்றின் மேல் விரலிடை விட்டு அடித்த ஏழு பலகை. அடியில் மூன்று பலகை. மொத்தமாக அரையடி உயரம். பார்க்கிறவர்களுக்கு அது விறகு. மாரிகாலத்தில் சீமெந்து நிலம் வியர்க்கும் என்பதும், அந்த ஈரத்தை உறிஞ்சி மா மூட்டை ஒரு கிழமையில் கல்லாகிவிடும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். தட்டின்மேல் ஏற்றினால் அடியால் காற்று ஓடும். ஒரு வரிக்கு ஐந்து மூட்டை: மூன்று குறுக்கே, இரண்டு நெடுக்கே. அடுத்த வரியில் அதை மாற்றிப் போட வேண்டும். அப்போதுதான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். எட்டு வரிக்கு மேல் போகக்கூடாது. சுவரிலிருந்து ஒன்றரையடி விட வேண்டும். மேற்பலகை உடைந்தால் மாற்றி அடிக்கலாம். சட்டம் உடைந்தால் இரண்டு தொன் பாரமும் அந்தப் பக்கம் போகும்.

அதனால் மாதம் ஒருமுறை வெறுந்தட்டுகளைக் குடைப்பிடியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துப் பார்ப்பாள். நல்ல சட்டம் கணீரென்று திருப்பிச் சொல்லும். கறையான் குடைந்தது பொத்தென்று அமுங்கும். அமுங்கியதில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, பின்கொட்டிலில் எறியச் சொல்வாள். நாட்டாமைகளின் தலைவர் நமசிவாயத்துக்கு இது முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அவரும் தோளில் மூட்டையோடு நிற்கும்போதே காலால் தட்டைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த ஐப்பசிக் கடைசியில் களஞ்சியம் காலியாகக் கிடந்தது. கப்பல் வந்து ஆறு கிழமை. எழுபத்தாறு நல்ல தட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக மூலையில் நின்றன. வெளியே மழை விட்டபாடில்லை. பக்கத்துப் பள்ளிக்கூட வளவில் மயிலிட்டிப் பக்கத்துச் சனம் ஓலைக்கொட்டில் போட்டு ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்தார்கள். அந்த முகாமைப் பார்த்துக்கொண்டவர் கனகாம்பிகை என்ற ஆசிரியை. அவரும் அங்கே ஒரு கொட்டிலில்தான் இருந்தார். ஒருநாள் காலை, சேலைக்கரை முழங்கால் வரை சேறாக, அவர் களஞ்சிய வாசலில் வந்து நின்றார். தட்டுகளைத் தரும்படி கேட்டார்.

சுகிர்தம் ஏலாது என்றாள். அது சங்கத்தின் பொருள், தான் காவல் மட்டுந்தான் என்று விளக்கிச் சொன்னாள். கனகாம்பிகை குரலை உயர்த்தவில்லை.

“மிஸ், நிலம் ஈரமெண்டு மாவுக்குத் தட்டுப் போடுறியள். எங்கடை பிள்ளையள் வெறும் மண்ணிலை கிடக்குதுகள்.”

அன்று பின்னேரம் சுகிர்தம் குடையோடு முகாமுக்குப் போனாள். கொட்டில்களுக்குள்ளால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி கொட்டில் நடுவில் நின்றாள். முதல்நாள் இரவு முழுக்க அப்படியே நின்றதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். குழந்தையின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சுகிர்தம் திரும்பி வந்தாள்.

சங்கத்தின் முகாமையாளர் தியாகராசாவிடம் கேட்டால் இல்லை என்பார். இல்லை என்ற பிறகு கொடுக்க முடியாது. ஆகவே அவள் கேட்கவில்லை. மார்கழிக்கு முன் கப்பல் இல்லை என்றுதான் கடைசியாக வந்த செய்தி இருந்தது. ஒரு கொட்டிலுக்கு ஒன்றாக முப்பத்திரண்டு தட்டுகளை நாட்டாமைகள் மழையில் தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கப்பல் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் லொறிகள் மாவோடு வாசலில் நின்றன. பகலில் குண்டு போடும் பொம்பர் வரும் என்ற பயத்தில் சாரதிகள் இயந்திரத்தை நிறுத்தாமலே அவசரப்படுத்தினார்கள். மிச்சமிருந்த நாற்பத்துநாலு தட்டில் கொள்ளாத மூட்டை ஐந்நூற்றுக்கு மேல். சுகிர்தம் முகாமுக்கு ஓடினாள். தட்டுகள் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டில்களில் கிடந்த ஒவ்வொன்றின் மீதும் பாய் விரித்திருந்தது, பாயில் பிள்ளைகள் கிடந்தார்கள். பத்துக்கு மேலே பங்கர்க் குழிகளுக்குக் கூரையாகி மண்மூட்டைக்கு அடியில் போயிருந்தது. இரண்டு மூன்று அடுப்புக்குப் போய்விட்டது. கைக்குழந்தைக்காரி ஒரு தட்டின்மேல் காலை மடக்கி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். சுகிர்தத்தைக் கண்டதும் சிரித்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் சுகிர்தம் திரும்பினாள்.

தட்டுக்குப் பதில் பனங்குற்றி வைக்கலாமென்றால் பங்கருக்கே குற்றி கிடைக்காத காலம். வெறும் நிலத்தில் போட்டால் மழைக்கு மா போய்விடும். ஆறு கிழமையாக மாவைக் காணாத சனம் அதற்காகக் காத்திருந்தது. பின்கொட்டிலுக்குப் போய், தானே சிவப்புக் குறி போட்டு எறிந்தவற்றைக் குடைப்பிடியால் தட்டினாள். அவ்வளவு மோசமாக அமுங்காத ஒன்பதைப் பொறுக்கினாள். எட்டு வரிக்குப் பதில் பன்னிரண்டு வரி ஏற்றச் சொன்னாள்.

நமசிவாயம் ஒரு தட்டை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, “மிஸ், உது தாங்காது,” என்றார்.

“நாலு நாளைக்குத்தான் அண்ணை. கொடுக்கத் தொடங்கினால் குறைஞ்சிடும்.”

பழுதான ஒன்பதையும் வடக்குச் சுவர் ஓரம் வரிசையாக வைத்து ஏற்றினார்கள். அன்றிலிருந்து சுகிர்தம் காலையில் வந்ததும் வராததுமாக அந்த வரிசையைப் போய்ப் பார்ப்பாள். தலைமயிரளவு சாய்ந்ததுபோல் ஒருநாள் தெரியும். அடுத்தநாள் நேராக நிற்பதுபோல் இருக்கும். அந்த வரிசையிலிருந்துதான் முதலில் இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஆனால் வாசலுக்குக் கிட்ட நின்ற அடுக்குகளை எடுக்காமல் மூட்டையோடு வடக்குச் சுவருக்குப் போய்வர வழி இல்லை.

நாலாம் நாள் காலை பத்து மணி. வாசலோரத்து அடுக்குகள் இறங்கி, நாலு தட்டுகள் வெறுமையாகிக் கிடந்தன. கூரைத் தகரச் சீற் ஒன்றால் ஒழுக்கு விழுகிறது என்று சொல்லி, அன்புராஜா வடக்குச் சுவர் இடுக்குக்குள் பக்கவாட்டாக நுழைந்து பார்க்கப் போனான். குருநகர் மீன்பிடிகாரன் அவன், வயது இருபத்தேழு. கடலுக்குப் போகத் தடை வந்ததும் மூட்டை தூக்க வந்தவன். மனைவி வினிபிரட்டோடு களஞ்சியத்துக்குப் பின்னால் ஒரு வீட்டு விறாந்தையில் குடியிருந்தான்.

அப்போதுதான் பொம்பர் சத்தம் கேட்டது. எல்லோரும் வளவிலிருந்த பங்கருக்கு ஓடினார்கள். சுகிர்தம் வாசற்படியில் நின்று அன்புராஜாவைக் கூப்பிட்டாள். அவன் ஓம் என்று சொன்னது கேட்டது. குண்டு அரை மைலுக்கு அப்பால் விழுந்தது. நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. கூரைத் தூசி கொட்டியது. அந்த அதிர்வு அடங்கிய பிறகு, தனியாக, விறகு பிளப்பது போல் ஒரு சத்தம்.

வரிசையின் மூன்றாவது அடுக்கு சுவர்ப் பக்கம் இறங்கியிருந்தது. சுவரோரச் சட்டம் முறிந்து, அறுபது மூட்டையும் ஒரே உடம்பாகச் சாய்ந்து, உச்சி போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நடுவரியிலிருந்து இரண்டு மூட்டைகள் பிதுங்கி இடுக்குக்குள் விழுந்திருந்தன. அவற்றுக்குக் கீழே அன்புராஜாவின் இடதுகால். அவன் சுவரோடு குந்தியிருந்தான். தலைக்கு மேலே மூன்று தொன் மா.

பங்கரிலிருந்து வந்த நாட்டாமைகள் இருவர் பாய்ந்து, அவன் காலில் கிடந்த மூட்டையைப் பிடித்து இழுக்கப் போனார்கள். சுகிர்தம் அவர்கள் கையைத் தட்டிவிட்டாள். காலில் கிடந்த மூட்டைகளின் மேல் நடுவரியில் தொங்கிய மூட்டை குந்தியிருந்தது. கீழே எடுத்தால் நடு வரும். நடு வந்தால் முழுவதும் வரும். மரம் இன்னும் கிறீச் கிறீச்சென்று முனகிக்கொண்டிருந்தது. முறிந்த சட்டம் மாத்திரமல்ல, நடுச்சட்டமும் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது.

மேலே இருந்துதான் இறக்க வேண்டும். அதுவும் சாய்ந்த அடுக்கில் யாரும் ஏறாமல், பக்கத்து அடுக்கில் ஏறி நின்று. அதற்கு முன் அடுக்கைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். அவள் இடுக்கைப் பார்த்தாள். மார்பளவு உயரத்தில் ஒன்றரையடி ஓரடியாய்க் குறுகியிருந்தது. ஒரு தட்டு அரையடி. இரண்டு தட்டை முகத்தோடு முகம் ஒட்டி நிமிர்த்தி நிறுத்தினால் ஓரடி.

“நமசிவாயம் அண்ணை, வாசலிலை கிடக்கிற நாலு தட்டும் கொண்டுவாங்கோ. கெதியா.”

பொம்பர் திரும்பி வரும் சத்தம் கேட்டது. சுற்றி நின்றவர்களின் கண் வாசலுக்குப் போனது. போகிறவர்கள் போகலாம், யாரையும் மறிக்கமாட்டேன் என்று சுகிர்தம் சொன்னாள். மூன்று பேர் போனார்கள். நமசிவாயமும் வேறு இருவரும் நின்றார்கள். இடுக்குக்குள் தட்டோடு நுழையக்கூடிய மெல்லிய உடம்பு அங்கே அவளுடையதுதான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரோடு முதுகைத் தேய்த்தபடி உள்ளே போனாள். நிமிர்த்திய தட்டை அவள் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போக, நமசிவாயம் பின்னாலிருந்து கை கொடுத்தார். பலகையின் சிராய் உள்ளங்கையில் ஏறியது. முதல் இரண்டும் அன்புராஜாவுக்கு இந்தப் பக்கம் நின்றன. அவள் தோளால் இடித்து இறுக்கினாள். மரத்தின் முனகல் சற்றுக் குறைந்தது. மற்ற இரண்டும் அவனுக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும். அதற்கு மறுகோடியால் வர வேண்டும். அவள் வெளியே வந்து, வரிசையைச் சுற்றி ஓடி, மறுபடி நுழைந்தாள். இந்தத் தடவை தட்டுகள் அவளுக்குப் பின்னால் வந்தன.

இரண்டாவது குண்டு விழுந்தபோது அவள் அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தாள். அடுக்கு ஓர் அங்குலம் இறங்கித் தட்டுகளின் மேல் குந்தியது. தட்டுகள் தாங்கின. கண்ணுக்குள்ளும் வாய்க்குள்ளும் மா. மூச்சு விடப் பயந்து இருவரும் அப்படியே இருந்தார்கள். கடைசித் தட்டை அவள் கையால் தள்ளி, காலால் உதைத்து இறுக்கினாள். பிறகு வெளியே போகவில்லை. போக முடியவில்லை என்று பின்னால் சொன்னாள்.

மேலே நமசிவாயம் பக்கத்து அடுக்கில் ஏறி முதல் மூட்டையைத் தூக்கும் சத்தம் கேட்டது.

அன்புராஜாவின் முகம் வெள்ளையாய்ப் பூச்சுப் பூசியது போலிருந்தது. தன்னை விட்டுப் போகும்படி சொன்னான். தனக்குக் காலில் ஒன்றும் தெரியவில்லை என்றான். சுகிர்தம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்புராஜா, உது நான் வேண்டாமெண்டு எறிஞ்ச தட்டு. நான்தான் திருப்பி எடுத்து வைச்சனான்.”

அவன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: “தெரியும் மிஸ். சிவப்புக் குறியோடை தூக்கி வைச்சது நாங்கள்தானே.”

ஒவ்வொரு மூட்டையாக இறங்கியது. ஒரு மூட்டை தூக்கியதும் நமசிவாயம் கொஞ்சம் பொறுத்து, மரம் என்ன சொல்கிறது என்று கேட்டார். பிறகுதான் அடுத்தது. பொம்பர் போன பிறகு, பங்கருக்குப் போன மூவரும் வெட்கத்தோடு திரும்பி வந்து கை கொடுத்தார்கள். முப்பத்தைந்தாவது மூட்டையில் அடுக்கின் சாய்வு நின்றது. ஐம்பதாவதில் அவன் கால்மேல் கிடந்தவற்றைத் தொட முடிந்தது. மொத்தமாக ஒன்றேமுக்கால் மணித்தியாலம். மண்ணெண்ணெயில் ஓடிய ஒரு லொறியில் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் தப்பியது. கணுக்கால் எலும்பு நொறுங்கியது நொறுங்கியதுதான். இனி அவன் மூட்டை தூக்க முடியாது.

செய்தி முகாமுக்கும் போனது. மறுநாள் காலை கனகாம்பிகை முன்னே வர, சனம் பதினேழு தட்டுகளைத் தலையில் சுமந்து கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். அன்றைக்கும் மழை இருட்டிக்கொண்டு நின்றது. பழுதான தட்டுகளின்மேல் இன்னும் எட்டு அடுக்குகள் நின்றன. சுகிர்தம் பதினேழையும் எடுத்துக்கொண்டாள். திருப்பிக் கொண்டுபோங்கோ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். அன்று இரவு பெய்த மழையில் அவள் படுக்கவில்லை, அறைக்குள் நின்றுகொண்டேயிருந்தாள். தாய் இரண்டு தடவை கூப்பிட்டும் பாயில் இருக்கவில்லை.

அந்தக் கிழமையே தியாகராசா விசாரணைக்கு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, அறிக்கையை இரண்டு வரியில் எழுதலாம் என்றார். “குண்டு விழுந்தது, அடுக்குச் சரிஞ்சது. இதிலை பொய் ஒண்டும் இல்லையே.”

உண்மையில் பொய் இல்லை. அதுதான் அவளைக் குடைந்தது. அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்று கேட்டாள். ஒருவருக்கும் ஒன்றும் நடக்காது என்றார் அவர். யுத்தத்தில் நடந்ததற்குச் சங்கம் பொறுப்பு இல்லை. அன்புராஜாவுக்கு என்று கேட்டாள். அவர் மேசையைப் பார்த்தார். யுத்தத்தில் கால் போனவர்கள் எத்தனையோ பேர், சங்கம் யாருக்கென்று பார்ப்பது என்றார். வேலை செய்யுமிடத்துப் பிழையால் வந்த காயமென்றால் சங்கம் அவனைக் கைவிட முடியாது. ஆனால் அப்படியானால் பிழை செய்தவர் ஒருவர் வேண்டும்.

சுகிர்தம் கடதாசியைத் தன் பக்கம் இழுத்து எழுதத் தொடங்கினாள். அனுமதி இல்லாமல் கொடுத்த முப்பத்திரண்டு தட்டு, கழித்து எறிந்த ஒன்பது தட்டைத் திருப்பி எடுத்தது, எட்டு வரிக்குப் பதில் பன்னிரண்டு ஏற்றியது, நமசிவாயம் சொல்லியும் கேளாதது. குண்டையும் எழுதினாள், கடைசி வரியில். கையெழுத்துப் போடும்போது உள்ளங்கைச் சிராய்க்காயம் வெடித்துக் கடதாசியில் பட்டது. தியாகராசா பெருமூச்சு விட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவளிடமிருந்து திறப்புக் கோர்வையை வாங்கினார்கள். கரவெட்டியில் சங்கத்தின் சிறிய கிளைக்கடை ஒன்றில் அரிசி நிறுத்துக் கொடுக்கும் வேலைக்கு இறக்கினார்கள். அன்புராஜாவுக்குக் களஞ்சிய வாசல் படலையில் கதிரையில் இருந்து வாகன இலக்கம் எழுதும் வேலை கிடைத்தது.

கரவெட்டிக் கடைக்குச் சாமான் எடுக்க அவள் வெள்ளிக்கிழமைகளில் நெல்லியடிக்கு வர வேண்டும். முதல் சில மாதங்கள் அன்புராஜா தலை நிமிராமல் எழுதினான். வினிபிரட் மட்டும் ஒருமுறை படலையடியில் அவளை மறித்து நின்றாள். ஏச்சுக் கேட்கத் தயாராக நின்ற சுகிர்தத்திடம் அவள் கேட்டது வேறு.

“ஏலாதெண்டு அந்த ரீச்சருக்குச் சொல்லியிருந்தால் என்ன மிஸ்? என்ரை மனிசனுக்கு இண்டைக்கும் நல்ல கால் இருந்திருக்குமே.”

இழுத்து இழுத்து மூச்சு விட்ட அந்தக் குழந்தை பிழைத்திருந்தது. அதை வினிபிரட்டிடம் சொல்வது நியாயமாகச் சுகிர்தத்துக்குப் படவில்லை. நீங்கள் கேட்பது சரி என்று மட்டும் சொன்னாள். வினிபிரட் வழிவிட்டாள்.

அவனுக்கும் அவளுக்கும் இடையில் கதைபேச்சுத் திரும்பத் தொடங்கியது ஒன்றரை வருஷம் கழித்து. அன்புராஜாதான் முதலில் வாய் திறந்தான்: புதிதாக வந்த பொறுப்பாளர் சுவரோடு ஒட்டி அடுக்குகிறார், வந்து சொல்லுங்கோ என்றான். தனக்கு அந்த உரிமை இல்லை என்றாள். அப்படியென்றால் தான் சொல்லுகிறேன் என்று அவன் நொண்டியபடி உள்ளே போனான். அடுத்த வெள்ளி பார்த்தபோது எல்லா அடுக்கும் ஒன்றரையடி தள்ளி நின்றன.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் சண்டை நின்றது; எவ்வளவு நாளைக்கு என்று தெரியாது. கரையோரத்தில் மறுபடி மீன்பிடிக்க விடுகிறார்கள் என்ற செய்தி வந்த கிழமையே அன்புராஜா வேலையை விட்டான். வள்ளத்துக்குள் இருந்து வலை இழுக்க இந்தக் கால் போதும் என்றான். குருநகருக்குப் போகிற அன்று, சாமானெல்லாம் ஒரு சைக்கிளில் கட்டிக்கொண்டு, சுற்றுவழியென்றும் பாராமல் இருவரும் கரவெட்டிக் கடைக்கு வந்தார்கள். கடையில் சனம் வரிசையில் நின்றது. சுகிர்தம் அரிசி நிறுத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

“போட்டு வாறம் மிஸ்,” என்றான் அவன். வினிபிரட் வரிசையைத் தாண்டி வந்து, அவளுடைய கையை ஒருகணம் பிடித்தாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு இருவரும் யாழ்ப்பாண வீதியில் திரும்பும் வரை சுகிர்தம் தராசைத் தொடவில்லை. வரிசையில் நின்ற ஒரு கிழவர் செருமினார். அவள் அவருடைய பங்கீட்டு அட்டையை வாங்கினாள்.